ப்ரமோஷனைக் கருக்கிய கேக்

பம்பாய் மாதுங்காவில் எமனையே ஐந்து நிமிஷம் காத்திருக்க வைத்த ஒரே மனுஷி ஓவன் மாமிதான். பேச்சுக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

அறுபதுகளில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் குடியிருந்தேன். எல்லா வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு ஒரு நீள நடை போகும். அதற்கு கேலரி என்று பெயர். எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவு தாராளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோடி வீட்டுக் கிழவர் காலமாகிவிட்டார். ஆக வேண்டியதெல்லாம் ஆகி, தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மாடிப்படிக்குப் போக கேலரியை விட்டால் வேறு வழியில்லை. கேலரியின் நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் மின்சார ஓவன், பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பிஸ்கட் டின் மேல் மாமி. கையில் இடுக்கி.

"மாமி, கொஞ்சம் அந்த ஸ்டூலை நகர்த்திக்கோங்கோ" என்றார் முன்னால் தோள் கொடுத்திருந்தவர்.

மாமி அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஓவன் மூடியில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்போ அசைச்சா நடுவிலே அமுங்கிப் போயிடும். அஞ்சு நிமிஷம் இருங்கோ. அவருக்கு இனிமே என்ன அவசரம்?"

நின்றார்கள் சார், நின்றார்கள்! அழுதுகொண்டு பின்னால் வந்த கூட்டம் அழுகையை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சியது. காற்றில் வெனிலா வாசனை. "என்ன, பிஸ்கட்டா?" என்று யாரோ மெதுவாக விசாரித்தது எனக்குக் கேட்டது. மாமி ப்ளக்கைப் பிடுங்கினாள். டின்னை இடுக்கியால் வெளியே எடுத்து எதிரே நான் இருந்த அறைக்குள் வைத்தாள். ஓவனைத் துணி போட்டுப் பிடித்து ஸ்டூலோடு தூக்கி ஓரமாக வைத்தாள். அதற்கப்புறம்தான் கிழவரைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. "நல்ல மனுஷர். ஒரு நாள் ஒரு சொல் சொன்னதில்லை" என்று அழுதவள், பழக்க தோஷத்தில் "போயிட்டு வாங்கோ" என்று கைகூப்பினாள்.

"ஒரு சொல் சொன்னதில்லை" என்று அவள் ஏன் சொன்னாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்றைக்கு உங்கள் வீட்டில் நேரம் வைத்தால் மணியடித்துத் தானே அணைந்துபோகிற ஓவன் இருக்கலாம். அந்தக் காலத்து ஓவன் அலுமினிய வட்டப் பெட்டி. அடியில் ஒரு காயில் கம்பி, மூடியில் இன்னொன்று. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு கூடக் கிடையாது. ப்ளக்கைச் செருகினால் எரியும், பிடுங்கினால் அணையும். மேலே கரி, நடுவில் கூழ், அடியில் மறுபடியும் கரி. அதற்குத் தெரிந்த சமையல் இதுதான். அந்தப் பெட்டியில் ஒரு பண்டத்தைக் கருகாமல் எடுப்பதும் ரயில் பெட்டியில் சட்டை கசங்காமல் சர்ச்கேட் போய்ச் சேர்வதும் ஒன்று.

அந்த ஓவன் ஏன் கேலரியில் இருந்தது? முட்டைதான் காரணம். மாமியின் வீடு ஆசாரமான வீடு. கேக்குக்கோ முட்டை வேண்டும். முட்டை வீட்டுக்குள் வரக்கூடாது. ஆகவே கேலரி. கேலரியிலும் நாலு பேர் பார்க்க முட்டை உடைக்க முடியாது. ஆகவே எதிரில் இருந்த எங்கள் பேச்சிலர் ரூம். நான் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. என்னோடு இருந்த சுடலைமுத்து திருநெல்வேலிக்காரன், தாராவியில் ஒரு தோல் பட்டறையில் கணக்குப் பார்த்தான். பேச்சிலர்களுக்கு இழக்க மானம் ஏது? எங்கள் அறையில் முட்டை உடைபடும், எங்கள் அறையிலேயே மாவு அடிபடும், கேலரியில் வேகும்.

"வெந்து முடிஞ்ச கேக்கை மட்டும் வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போறீங்களே மாமி, அதுல முட்டை இல்லையா?" என்று சுடலை ஒரு நாள் கேட்டுவிட்டான்.

"வேகற வரைக்கும்தான்டா அது முட்டை. வெந்தாச்சுன்னா கேக்" என்றாள் மாமி. எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியாது. ஆனால் தான் மட்டும் ஒரு துணுக்குக் கூட வாயில் வைக்க மாட்டாள். ஞாயிறு தவறாமல் கேக் செய்தவளுக்கு கேக் என்ன ருசி என்று தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

முட்டை கடத்துவது சுடலையின் இலாகா. இரானிக் கடையில் வாங்கி, டிபன் காரியரில் வைக்கோல் போட்டு அடுக்கி, அதன் மேல் துண்டைப் போர்த்தி, அக்குளில் இடுக்கிக்கொண்டு பூனை மாதிரி படியேறுவான். பம்பாயில் அப்போது மதுவிலக்கு. கீழ் வீட்டுக்காரர் ஒருவர் இவனைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணடிக்க ஆரம்பித்தார். ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் ஒரு பாட்டில் கிடைக்குமா?" என்று கேட்டே விட்டார். மாமி பதறிப்போனாள்.

"ஐயையோ, உன்னைச் சாராயம் விக்கறவன்னு நினைச்சுண்டிருக்காரேடா!"

"நெனச்சிட்டுப் போறாரு மாமி. சாராயம்னா நம்மகிட்ட ஒரு பாட்டில்தான் கேப்பாவ. முட்டைன்னு தெரிஞ்சா ரூமையே காலி பண்ணச் சொல்லிருவாவ."

ஓவன் மாமியின் கருகல் தடுப்பு ஏற்பாடுகளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மூச்சு வாங்கும். முதலில் மணல். ஓவனின் அடித்தட்டில் மணல் பரப்பி அதன் மேல் டின்னை வைத்தால் சூடு அடியைப் பொசுக்காது என்று எங்கேயோ கேட்டிருந்தாள். மாஹிம் கடற்கரையிலிருந்து ஒரு பை மணல் கொண்டு வரச்சொன்னாள். நானும் சுடலையும் பஸ்ஸில் ஏறினோம்.

கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்தார். "இஸ்மே க்யா ஹை?"

"ரேத்தி" என்றேன். மணலுக்கு இந்தி அதுதான்.

"ரேத்தி? காய்கோ?" எதற்கு என்று கேட்டார்.

"கேக் பனானே கா" என்றான் சுடலை, கேக் செய்ய என்பதைத் தனக்குத் தெரிந்த இந்தியில்.

மணலில் கேக் செய்கிறவர்களை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. டிக்கெட்டை அரை கஜ தூரத்திலிருந்து நீட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

கடல் மணல் உப்பு. அதைக் கழுவிக் கழுவி மொட்டை மாடியில் காயவைத்தோம். உப்புப் போயிற்றா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. அடுத்தது பழுப்புக் காகிதம். வெண்ணெய் தடவி டின்னுக்குள் ஒன்று, மேலே குல்லாய் மாதிரி ஒன்று. அப்புறம் ஓவன் சரியான பதத்துக்குச் சூடாகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சிட்டிகை மைதாவைத் தட்டில் தூவுவாள். மாவு மெதுவாகப் பொன்னிறமானால் சரி. தூவினதும் கறுத்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஆறும்வரை காத்திருப்பாள். அதற்குமேல் மூக்கு.

"வாசனை மூணு தரம் மாறும்டா அம்பி. மொதல்ல பச்சை வாசனை. அப்புறம் வெனிலா தூக்கும். அப்புறம் வெண்ணெய் வரும். வெண்ணெய் வந்த உடனே ப்ளக்கைப் பிடுங்கிடணும். பாக்கியை உள்ளே இருக்கற சூடு பார்த்துக்கும். நாலாவது வாசனை ஒண்ணு உண்டு. அதுக்கு விடப்படாது."

நாலாவது வாசனை என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும்.

கேக் உள்ளே இருக்கும்போது கேலரியில் யாரும் திம்திம் என்று நடக்கக்கூடாது. அதிர்ந்தால் கேக் அமுங்கிவிடும். பால்காரரை "ஏ பையா, தீரே!" என்று மெதுவாக நடக்கச் சொல்லி அடக்குவாள். போஸ்ட்மேன் நுனிக்காலில் வருவார். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் சொந்த அறைக்கே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருடர்கள் மாதிரி போவோம். மாமி யாரோடும் பேச மாட்டாள், எழுந்திருக்க மாட்டாள், தண்ணீர் குடிக்க மாட்டாள். பிஸ்கட் டின்னில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கட்டடமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அவள் கணவரைத் தெரிந்துகொள்ளும்வரை.

அந்த மனிதரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதற்காக அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்கிற ஆள் நான் இல்லை. கட்டடத்தில் அவருக்கு ஆஃபீசர் மாமா என்று பெயர். அவர் ஆஃபீசர் இல்லை. ஒரு கம்பெனியில் ஹெட் க்ளார்க். ஆஃபீசர் ஆகியிருக்க வேண்டியவர் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த பட்டம். ஏன் ஆகவில்லை என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அவரே ஆரம்பித்துவிடுவார்.

நாங்கள் அந்த அறைக்கு வருவதற்கு முன்னால் நடந்த கதை அது. ஆபீஸில் ஆஃபீசர் பதவி ஒன்று காலியாயிற்று. பெரிய துரை ஒரு பார்சிக்காரர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். வருகிற துரைக்கு பஜ்ஜி போடுவதா? மாமா போய் ஓவனே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மாமி அதற்குமுன் ஓவனைப் பார்த்ததுகூட இல்லை. எங்களுக்கு முன் அந்த அறையில் இருந்த பாலக்காட்டு டைப்பிஸ்ட் முட்டை உடைத்துக் கொடுத்தான். கேலரியில் கேக் வெந்துகொண்டிருக்கும்போது துரை வந்துவிட்டார். கேக் கரியாகிவிட்டது. துரை ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பதவி ராமதுரை என்கிற இன்னொரு ஹெட் க்ளார்க்குக்குப் போய்விட்டது.

"ஒரு கேக்கு! ஒரே ஒரு கேக்கு!" என்பார் மாமா, விரலை உயர்த்தி. "பெண்டாட்டின்னு ஒருத்தி அதை ஒழுங்கா வேக வச்சிருந்தா நான் இன்னிக்கு ஆஃபீசர்."

இதை அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். புதுக் காலண்டர் மாட்டும்போது சொன்னார். மழையில் குடை ஒழுகினால் சொன்னார். காபி கொஞ்சம் கசந்தால், "கருக்கற கைதானே" என்பார். ஒரு தடவை எங்கள் இருவரையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் பொண்ணு பார்க்கப் போனா முதல்ல ஒரு கேக் பண்ணச் சொல்லிப் பாருங்கோடா. நான் அதைப் பார்க்காம மோசம் போனவன்" என்று சிரித்தார். மாமி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். கையில் அவருக்கு காபி.

அந்த நாள் உண்மையில் எப்படிக் கருகியது என்று மாமி எனக்கு ஒரே ஒரு முறை சொன்னாள். "துரை வந்தவுடனே இவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி வச்சுட்டார்டா. 'மை ஒய்ஃப்' அப்படின்னு. அவா ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல பேசிண்டே இருக்கா. எனக்கு வாசனை வர ஆரம்பிச்சுடுத்து. 'ஒரு நிமிஷம்'னேன். இவர் கண்ணாலேயே அடக்கிட்டார். மறுபடியும் வாசனை மாறித்து. நான் நகரலை. துரை எதிர்ல எப்படிடா ஓடறது? அப்படியே நின்னுண்டு அது கருகறதை மோந்துண்டே இருந்தேன்."

"இதை நீங்க மாமாகிட்ட சொல்றதுதானே?" என்றேன்.

"சொன்னேனே. 'உனக்கு சாக்கு வேற'ன்னார்."

இடுக்கியைத் துடைத்து வைத்துவிட்டு, "யாராவது ஒரு பெரிய மனுஷா இந்தக் கேக்கைத் தின்னுட்டு நன்னாயிருக்குன்னு சொல்லணும்டா. அது இவர் காதுல விழணும். அப்புறமாவது அந்தப் பேச்சை விடுவார்" என்றாள். அவள் பிஸ்கட் டின்னில் உட்கார்ந்து காவல் காத்தது இதற்காகத்தான். அன்றிலிருந்து நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

அப்படி ஒரு பெரிய மனுஷர் ஒரு நாள் வந்தார். சாட்சாத் ராமதுரையே. செம்பூரில் சொந்தமாக ஃப்ளாட் வாங்கியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக ஆபீஸில் சொல்லியனுப்பியிருந்தார். மாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பதவியை வாங்கின மனுஷர் வாயாலேயே நன்னாயிருக்குன்னு வந்துவிட்டால்?

மாமா மட்டும் விசித்திரமாக நடந்துகொண்டார். "அவனுக்கெல்லாம் என்னத்துக்குக் கேக்கு? உப்புமா கிண்டிப் போடு, போதும்" என்றார். சனிக்கிழமை மறுபடியும், "கேக்கு பேச்சே அவன்கிட்ட எடுக்கப்படாது, தெரிஞ்சுதா?" என்று இரைந்தார். வயிற்றெரிச்சல் என்று நாங்கள் நினைத்தோம்.

வாழ்நாளில் முதல் தடவையாக மாமி அவர் பேச்சைக் கேட்கவில்லை. மணல் புதிதாகச் சலிக்கப்பட்டது. சுடலை முட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினான். கேலரி முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மேல் மாடிக் குழந்தையைக்கூட அழாமல் பார்த்துக்கொண்டார்கள். வெண்ணெய் வாசனை வந்தது, ப்ளக் பிடுங்கப்பட்டது. மாமி மூடியைத் திறந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கேக்கை நான் எந்த பேக்கரியிலும் பார்த்ததில்லை. ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. விரலால் தொட்டால் அமுங்கி, எடுத்தால் எழுந்தது.

ராமதுரை வந்தார். சாதுவான, குண்டு மனுஷர். மாமா அவர் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முட்டைப் பங்காளிகள் என்ற உரிமையில் நாங்கள் இரண்டு பேரும் நிலைப்படியில் நின்றோம். மாமி தட்டை நீட்டினாள்.

"முட்டை கிட்டை ஒண்ணும் இல்லையே?" என்று ராமதுரை கூச்சத்தோடு விசாரித்தார்.

"எங்காத்துக்குள்ள முட்டை காலடி எடுத்து வச்சதே கிடையாது" என்றாள் மாமி. சுடலை சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ராமதுரை ஒரு துண்டைத் தின்றார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றையும் தின்றார். "அடடா! என்ன மாமி இது, பஞ்சு மாதிரி இருக்கே! இவ்வளவு நன்னா கேக்கு நான் சாப்பிட்டதே இல்லை."

மாமி கணவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் மெதுவாக, "அன்னிக்கே இப்படி வந்திருந்தா இவருக்கும் ஆஃபீசர் வேலை கிடைச்சிருக்கும். என் கை ராசி, கருக்கிட்டேன்" என்றாள்.

"என்னிக்கு?"

"பெரிய துரை எங்காத்துக்கு வந்தாரே, அன்னிக்கு. அந்த வேலை விஷயமா."

மாமா, "ராமதுரை, நாழியாறது, உங்களுக்கு இன்னும் நாலு இடம் போகணும்" என்று எழுந்துவிட்டார்.

ராமதுரை உட்கார்ந்தபடியே சிரித்தார். பாவம், கள்ளம் கபடம் இல்லாத மனுஷர். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் மாமி? எனக்கு ஆர்டர் வந்தது அதுக்கு முந்தின வாரமாச்சே! இவர்தானே எனக்கு முதல்ல கை குடுத்தார்! கேன்டீன்ல எனக்குக் காபிகூட வாங்கிக் குடுத்தாரே. இவருக்குக் கிடைக்கலையேன்னு துரைக்கு மனசு கேக்கலை. அதனாலதான் ஆத்துக்கு வந்து ஒரு வாய் காபி சாப்பிட்டுட்டுப் போறேன்னு சொன்னார். அவ்வளவுதான்."

மாமா ஜன்னல் வழியாக எதையோ தேடுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மாமி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்புறம், "இன்னும் ஒரு துண்டு போட்டுக்கோங்கோ" என்று ராமதுரையிடம் நீட்டினாள். குரல் நடுங்கவில்லை.

அவர் படியிறங்கினதும் மாமா, "எனக்கு அசதியா இருக்கு, நான் செத்த நாழி படுத்துக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார். அப்போது காலை பத்துமணிகூட ஆகியிருக்காது.

தோற்றுப்போனதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கப்பட்ட ஒரு மனிதனுக்கு, தெய்வாதீனமாக ஒரு கேக் கருகிக் கிடைத்தது. விடுவாரா? தன் தோல்வியை அப்படியே தூக்கி அதன் மேல் வைத்துவிட்டார். நான் எத்தனையோ ஆபீஸ்களில் வேலை பார்த்துவிட்டேன். தன் தப்பை அடுத்தவன் தலையில் கட்டுகிறவர்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு. ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து, தினம் காபியோடு பரிமாறியவர் இவர் ஒருவர்தான்.

வாரம் முழுவதும் மாமி ஒன்றும் பேசவில்லையாம். சமைத்தாள், போட்டாள். அடுத்த ஞாயிறு வழக்கம் போல் ஸ்டூல் கேலரிக்கு வந்தது. எங்கள் அறையில் மாவு அடிபட்டது. ஆனால் மணல் இல்லை, காகிதக் குல்லாய் இல்லை, மைதாவைத் தூவிப் பார்க்கவில்லை. டின்னை நேராக உள்ளே வைத்து மூடினாள், ப்ளக்கைச் செருகினாள். பிஸ்கட் டின்னைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஓவனுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பச்சை வாசனை வந்தது. வெனிலா வந்தது. வெண்ணெய் வந்தது. மாமி அசையவில்லை.

"மாமி, வெண்ணெய் வாசனை வந்துடுத்து!" என்றேன்.

"வரட்டும்."

நாலாவது வாசனையும் வந்தது. கேலரியில் கதவுகள் திறந்தன. "மாமி, கருகறது! கருகறது!" என்று அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை கூக்குரல். நுனிக்காலில் நடந்தவர்களெல்லாம் திம்திம் என்று ஓடி வந்தார்கள். சுடலை ப்ளக்கைப் பிடுங்கப் பாய்ந்தான். அவன் விரல் கணுவில் இடுக்கியால் ஒரு தட்டுத் தட்டினாள். "கையை எடுடா. கருகட்டும்."

புகை கிளம்பியது. கடைசியில் ஆஃபீசர் மாமா வெளியே வந்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் நடுவில், இருமிக்கொண்டு நின்றார். மாமி எழுந்தாள். சாவகாசமாக ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். சத்தம் போடவில்லை. ஆனாலும் கோடி வீடுவரை கேட்டிருக்கும், அவ்வளவு நிசப்தம். "வேலை கிடைக்கலைன்னு வந்து சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? 'போனாப் போறது, கை கால் அலம்பிண்டு வாங்கோ, சாப்பிடலாம்'னு சொல்லியிருப்பேன். அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்? கேக்கு கருகின அன்னிக்கு உங்க முகத்தைப் பார்த்தேன். கோபத்தைவிட நிம்மதிதான் ஜாஸ்தி தெரிஞ்சுது. அது ஏன்னு எனக்கு இத்தனை வருஷமாப் புரியலை. போன வாரம்தான் புரிஞ்சுது."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

மாமி கேக்கைத் தட்டில் கவிழ்த்தாள். டக் என்று விழுந்தது. கத்தியால் மேலும் கீழும் இருந்த கரியைச் சீவி ஒரு தட்டில் வைத்து அவரிடம் கொடுத்தாள். "சாப்பிடுங்கோ. இது நிஜமாவே நான் கருக்கினது." நடுவில் மஞ்சளாகக் கொஞ்சம் தப்பியிருந்தது. அதை எங்களுக்குப் பிய்த்துக் கொடுத்தாள். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். ஒரு விள்ளலைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். யோசித்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா?"

சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமா அந்தக் கரியை நின்றபடியே தின்று முடித்தார். கறுக் முறுக் என்று சத்தம். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுடலை என் காதில், "இந்த மனுசனுக்கு இன்னும் ரெண்டு தட்டு குடுத்திருக்கணும்ல" என்றான். எனக்கும் அதே எண்ணம்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அதற்கடுத்த ஞாயிறு மத்தியானம், நானும் சுடலையும் வெளியே வந்து பார்த்தால் ஸ்டூல் இருக்கிறது, ஓவன் இருக்கிறது, பிஸ்கட் டின்னும் இருக்கிறது. அதன் மேல் ஆஃபீசர் மாமா. கையில் இடுக்கி. "அவ கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காத்தாட நடந்துட்டு வரேன்னு போயிருக்கா. கேக்கு வேணும்னா நீங்களே பார்த்துக்கோங்கோன்னுட்டா" என்றார், எங்களைப் பார்க்காமலேயே. "டேய், இந்த வெண்ணெய் வாசனைங்கறது எப்படிடா இருக்கும்?"

நாங்கள் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

கருகியது. அதற்கடுத்த வாரமும் கருகியது. மழைக்காலம் வந்து போயிற்று, ஒவ்வொரு ஞாயிறும் கருகியது. மனுஷர் மணல் போட்டுப் பார்த்தார், காகிதம் போட்டுப் பார்த்தார், மாவு தூவிப் பார்த்தார். சதா தும்மிக்கொண்டிருக்கும் அந்த மூக்குக்கு மூன்றாவது வாசனைக்கும் நாலாவது வாசனைக்கும் வித்தியாசம் கடைசிவரை பிடிபடவில்லை. இப்போது மாமி ஏதாவது ஒன்று சொல்லப்போகிறாள் என்று கேலரியே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. நானும் ஆசையாகத்தான் காத்திருந்தேன், மறைப்பானேன்? ஒரு குத்தல், ஒரு பேச்சு, "இதுக்குத்தானே என்னைப் படுத்தினேள்" என்று ஒரு முணுமுணுப்பு. அவளுக்கு இல்லாத உரிமையா?

மாமி நடந்துவிட்டு வருவாள். செருப்பைக் கழற்றுவாள். கரிக்கட்டையையும் அதன் பக்கத்தில் தலைகுனிந்து நிற்கும் மனுஷரையும் பார்ப்பாள். "போனாப் போறது. கை கால் அலம்பிண்டு வாங்கோ, சாப்பிடலாம்" என்பாள். அவ்வளவுதான். நான் அந்தக் கட்டடத்தை விட்டுக் கிளம்பும்வரை அவள் இதற்கு மேல் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. இந்தக் கதையைப் படித்தாலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இன்றைக்கும் ஏதாவது ஒரு வீட்டு வாசலைத் தாண்டும்போது வெனிலா வாசனை வந்தால், என்னை அறியாமல் நுனிக்காலில் நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். மாமியின் கேக் அமுங்கிவிடக் கூடாதே!